இடது பாதி

2025 செப்டம்பர் 15, திங்கள்
கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் காலேஜில் முதல் டிசைன் வேலை கொடுத்துவிட்டார்கள். சுய உருவப்படம். சொந்த போட்டோவைக் கம்ப்யூட்டரில் போட்டு, அதன் மேல் கோடு இழுத்து, நான்கே நிறத்தில் முகத்தைக் கொண்டுவர வேண்டுமாம்.
"அழகா வேணாம் லா. நீங்களா இருந்தா போதும்," என்றார் ராதாகிருஷ்ணன் சார். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

செப்டம்பர் 17
மூக்கு வரவே மாட்டேன் என்கிறது. சனியன்.

செப்டம்பர் 18
பக்கத்து சீட் பிரவின் ஒரு குறுக்கு வழி சொன்னான். பாதி முகம் மட்டும் வரை, அதைக் காப்பி எடுத்துக் கண்ணாடி மாதிரித் திருப்பி ஒட்டு, முழு முகம் ரெடி. "பாதி வேலை, full மார்க்," என்றான்.
இடது பாதியை வரைந்து திருப்பி ஒட்டினேன். திரையில் அப்பா.
செமினி டவுனில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிற அப்பா. நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தபோது போனவர். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷமாக இருந்தது, வெட்கமே இல்லாமல்.

செப்டம்பர் 20
லேப்டாப்பை மூடாமல் குளிக்கப் போனேனே, எனக்குப் புத்தி இருக்கிறதா? அம்மா ஹாலில்தான் பிளவுஸ் தைப்பாள் என்று தெரியாதா?
"அவன் மூஞ்ச எதுக்குடி நடு வீட்டுல தொறந்து வச்சிருக்க?"
"அது நான்மா."
படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பார்வை மாறவில்லை.
"ஆமா. தெனமும் இத பாத்துக்கிட்டுதானே சோறு போடுறேன்."
கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் கொக்கி வைக்க உட்கார்ந்துவிட்டாள்.

செப்டம்பர் 21
'இத'. 'உன்ன' கூட இல்லை.

செப்டம்பர் 24
வலது பாதியை வரைந்தேன். திருப்பி ஒட்டினேன். அம்மா வந்தாள் — கண்ணுக்குக் கீழே கருப்பு விழாத, சின்ன வயசு அம்மா. அதையே சாருக்கு அனுப்பிவிட்டேன்.
வீட்டில் காட்டினேன். "இது நல்லா இருக்குடி!" என்று கன்னத்தைத் தடவினாள். திரையில் இருந்த கன்னத்தை.

அக்டோபர் 6
சார் என் படத்தைப் பெரிதாகப் போட்டு, "இது யாரு?" என்று கிளாஸைக் கேட்டார். ஒருத்தருக்கும் தெரியவில்லை. பிரவின், படுபாவி, போனை நோண்டிக்கொண்டிருந்தான்.
"குமுதா, யாருக்கும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்காதுமா. நீங்க உங்க மூஞ்ச பாக்கவே இல்ல போல. Do again."
எல்லாரும் சிரித்தார்கள். பார்த்ததுதான் சார் என் தப்பு.

அக்டோபர் 9
முழு முகமும் வரைந்து கொடுத்தேன். பாஸ். அம்மாவிடம் காட்டவில்லை. அவளும் கேட்கவில்லை.

அக்டோபர் 12
தீபாவளிக்கு அம்மா வீட்டை ஒழுங்குபடுத்தினாள். கிள்ளான் டவுனுக்குப் போய் அந்த வலது பாதிப் படத்தைப் பிரிண்ட் போட்டு, ஃப்ரேம் வாங்கி, ஹாலில் மாட்டியும் விட்டாள். பக்கத்து வீட்டு வாணி ஆன்டி வந்து, "அப்படியே ஒன்ன உரிச்சு வச்சிருக்கு ரமணி," என்றார். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். அந்தப் படத்தின் மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. எங்கே போய்ச் சொல்வது இதை?

அக்டோபர் 20, தீபாவளி
எனக்கு அம்மா தைத்த பிளவுஸ் கச்சிதமாக இருந்தது. போட்டோ எடுக்கலாம் என்று வாணி ஆன்டி போனைத் தூக்கினார். அம்மா என் தாடையைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். இடது பக்கம் சுவரைப் பார்த்துப் போனது.
"இப்பதான் என் பொண்ணு," என்று முத்தம் கொடுத்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு. கண்ணில் நீர் முட்டியது, ஆனால் அசையவில்லை.
"இன்னொன்னு எடுக்கறேன் லா, ஆடிருச்சு," என்றார் ஆன்டி.
இந்த முறை அம்மா கை வைக்கவில்லை. நானே திரும்பிக்கொண்டேன்.