ஒரே பாட்டில்

பிப்ரவரி 3
அறைத்தோழிக்கு வேலை உறுதியாகிவிட்டது. மூன்று கோடை விடுமுறை, மூன்று கம்பெனியில் பயிற்சி. அதனால்தான் அவளுக்கு 'நாடோடி' என்று பெயர் வைத்தேன். "மூணு வருஷமா அதே லேப், அதே ஜன்னல். உனக்கு அலுக்கலையா?" என்றாள். இல்லை. முதல் வருடத்திலிருந்து நான் வளர்க்கும் ஈரல் செல்களை வைத்துத்தான் நான் அக்கா என்று கூப்பிடும் லேப் சீனியர் முனைவர் பட்ட ஆய்வே செய்கிறாள்.

பிப்ரவரி 11
ஆய்வுக் கட்டுரை அனுப்பும் முன், இவை ஈரல் செல்கள்தானா என்று அடையாளச் சோதனை கட்டாயமாம். மாதிரியை அனுப்பினோம். "இது முடிஞ்சா நான் கரையேறிடுவேன்" என்றாள் அக்கா.

பிப்ரவரி 24
ஈரல் செல்லே இல்லை. வேறொரு செல் எப்போதோ கலந்து, இதை அழித்துவிட்டு வளர்ந்திருக்கிறது. மூன்று வருட முடிவுகளும் வீண். அக்கா தண்ணீர் குடித்தாள். மறுபடியும் குடித்தாள். "செல்லை வித்தவங்க அனுப்புனதே தப்பா இருக்கும்" என்றார் பேராசிரியர். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

பிப்ரவரி 25
பழைய குறிப்பேடு. முதல் வருடம், மே 2. என் கையெழுத்து: 'இரண்டு வகைச் செல்லுக்கும் ஒரே பாட்டில் திரவம்.' செய்யவே கூடாது, ஒன்று மற்றதில் கலந்துவிடும் என்று அக்கா முதல் நாளே சொன்னது. நாடோடியை ரயிலேற்றிவிடுகிற அவசரம் அன்று. யாருக்குத் தெரியும்? பேசாம இருந்துட்டா என்ன?

பிப்ரவரி 26
பேசாம இருந்தேன்.

பிப்ரவரி 28
விற்றவர்களுக்கு அக்கா புகார்க் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். குறிப்பேட்டை விரித்து வைத்தேன்.
"நான்தான் அக்கா."
வெகு நேரம் படித்தாள். "அன்னிக்கே தெரியுமா?"
"தெரியும். ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."
"அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு தட்டு செல்லோட போயிருக்கும்டி."
திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 17
அக்காவின் ஆய்வுக் காலம் ஜூனோடு சரி. நீட்டிக்க முடியாதாம். அம்மா போனில், "தப்பு பண்ணாதவங்க யாரு? விடு" என்றாள். எதைம்மா விடறது?

ஜூன் 30
அக்கா பட்டம் இல்லாமலே பள்ளிக்கூட வேலைக்குப் போய்விட்டாள். கிளம்பும்போது கையுறைப் பெட்டியை என் பக்கம் தள்ளிவைத்தாள், அவ்வளவுதான். படிப்பு முடிஞ்சு நாடோடியும் போயாச்சு. நான் நாலு கம்பெனிக்கு எழுதினேன். காட்ட ஒரு கட்டுரைகூட இல்லை. யாரும் கூப்பிடவில்லை.

ஜூலை 8
ஒரு வருடம் லேபிலேயே உதவியாளராக இருக்கச் சொன்னார் பேராசிரியர், போன வாரம். "தப்பை எழுதி வெச்சவ நீ ஒருத்திதான்" என்றார். பாராட்டா, குத்தலா, தெரியவில்லை.
அக்காவின் மேசையைத்தான் கொடுத்திருக்கிறார்கள். நாற்காலி அவள் உயரத்துக்கு ஏற்றியபடியே இருக்கிறது. இன்றும் நின்றுகொண்டே வேலை செய்தேன்.