நேரம் தவறாத பேருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் படியேற விடுகிறதா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, கோபம்தான் அடங்கவில்லை.

பேருந்துகள் நேரம் தவறக்கூடாது என்று எங்கள் அலுவலகத்தில் புது விதி வந்ததே, அதை எழுதியவள் நான்தான். திங்கட்கிழமை மழையில் நிறுத்தத்தில் நின்றேன். பேருந்து நிமிஷம் பிசகாமல் வந்தது, நிற்காமல் போனது. உள்ளே ஓட்டுநரைத் தவிர ஒருவரும் இல்லை. மறுநாள் அவரைப் பிடித்துக் கேட்டால், "நின்னு நின்னு ஆள் ஏத்தினா லேட்டாயிடும் மேடம். லேட்டானா மெமோன்னு எழுதுனது நீங்கதானே?" என்கிறார். மேலாளரோ, "நூத்துக்கு நூறும்மா! ஒரு வண்டிகூட லேட் இல்ல!" என்று குதிக்கிறார். தலையில் அடித்துக்கொண்டு விதியைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

நம் வீட்டுப் பெரிய குடையை அனுப்பி வை. இங்கேயும் குடை கிடைக்கும்தான், ஆனால் எனக்கு அதுதான் வேண்டும்.

நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதோ வண்டி தெரிகிறது, ஓடுகிறேன்.

உன் மகள்

பி.கு. வண்டி இன்றும் நிற்கவில்லை. அதனால் போன கடிதத்தில் நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுத நேரம் கிடைத்தது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் அம்மா. அந்தப் பேருந்து மாதிரியேதான். நேரம் தவறுவதில்லை, கூட ஆள்தான் இல்லை.