துவைக்காத சுவெட்டர்

கேமரன் மலை
13.8.1979

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

ஜோகூருக்குப் போய் ஏழு மாதம் கழித்து எழுதிய கடிதத்தில் கிழவன், கறுப்பி என்று பூனைகள் இரண்டையும் பேர் சொல்லி விசாரித்திருந்தீர்கள். மகளைக் கேட்கவில்லை. அவளும் உங்களைக் கேட்பதில்லை.

கிழவனுக்குப் பல் கொட்டிவிட்டது. மீனை மசித்துத்தான் கொடுக்க வேண்டும். கறுப்பிக்குக் கிட்னி பழுது, உப்பு ஆகாது என்றார் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர். உப்பில்லாமல் வேகவைத்து வைத்தால் இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. பக்கத்து வீட்டு அஞ்சலைதான், "அவரு சுவெட்டர விரிச்சி அதுமேல தட்ட வச்சுப் பாருலா" என்றாள். நீங்கள் துவைக்காமல் விட்டுப்போனதை விரித்தேன். உங்கள் வாடை பட்டதும் தட்டை நக்கித் துடைத்தன. ஒருநாள் அது இல்லாமல் வைத்துப் பார்த்தேன். இரண்டும் தொடவே இல்லை. இத்தனை நாளும் அந்த சுவெட்டரால்தான் உயிரோடு இருந்தன.

அதை இன்று காலை உங்களுக்குப் பார்சலில் அனுப்பிவிட்டேன்.

ஜோகூரில் குளிராது என்று தெரியும். உங்களோடு இருப்பவளுக்கு எதற்காவது உதவும். வந்து சேர ஒரு வாரம் ஆகுமாம். கறுப்பி அத்தனை நாள் தாங்காது. பிரித்ததும் முகர்ந்து பாருங்கள், அதன் வாடை இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் பூனைகளுக்குச் சோறு வைத்தவள்