பத்து விரலுக்கு என்ன தமிழ்?

உ
முருகன் துணை

சுங்காய், பேராக்
பிரபவ வருஷம், ஆடிக் கடைசி ஞாயிறு

என் அன்புத் தம்பி கார்த்திகேசுவுக்கு,

நீ நோய்நொடி இல்லாமல் படித்து முடிக்க, விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஈப்போ வாசகசாலையில் நடந்த கூட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். யார் யார் வந்திருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது விளங்கும்.

மேடையில், பட்டணத்தில் உன் சர்வகலாசாலையிலிருந்து வந்த ஐயா. அவர் பக்கத்தில், அவர் பேச்சைத் தமிழில் மாற்றிச் சொல்ல உன் மச்சான்; நம் தோட்டத்து ஆபீசில் இங்கிலீஷில் கணக்கெழுதும் கிராணி அவர்தானே. முன் வரிசையில் நம் தோட்டத்துத் துரை, பக்கத்துத் தோட்டத்துத் துரை, ஈயச் சுரங்கம் வைத்திருக்கும் சீனத் தவுக்கே ஒருவர், யாழ்ப்பாணத்து வக்கீல்மார் இருவர். பின்னால் ரயில்வே கிராணிமாரும் கடைக்காரர்களும். அதில் நம் சுங்காய்க் கடை அப்துல் ஹலீம் அண்ணனும் ஒருவர். ஓரத்தில் தட்டி மறைப்புக்குள் நானும் ரயில்வே கிராணி வீட்டு அம்மாக்கள் மூவரும். வாசல் பக்கம் தரையில் நம் தோட்டத்து ஆட்கள். அவர்களோடு மாயாண்டிக் கங்காணி, புல்வெட்டும் ராக்காயி, அவளுடைய ஒன்பது வயது மகள் செல்லாயி.

ஆட்களை லாரி வைத்து அனுப்பியது துரையேதான். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. ஆற்றுக்குக் குளிக்கப் போனாலே மணி பார்க்கிறவர், நாட்டு நடப்பும் குடிகளின் கடமையும் என்ற பிரசங்கம் கேட்க லாரி தருவாரா? சொன்னபடி கேட்டு நட என்று ஐயா ஆட்களுக்குப் புத்தி சொல்வார் என்று துரை எண்ணியிருப்பார்.

ஐயா தெலுங்குக்காரராம், இங்கிலீஷில்தான் பேசினார். கொஞ்சம் பேசி நிறுத்துவார், உன் மச்சான் தமிழில் சொல்வார். முனிசிபல் என்றால் என்ன, சட்டசபை என்றால் என்ன, பத்திரிகை ஏன் படிக்க வேண்டும் என்றெல்லாம் வந்தது. யாரிடமும் பாடம் கேட்காமல் கோயில் பாட்டுப் புத்தகத்தில் எழுத்துக் கூட்டிக் கற்றவள் நான், எனக்கே விளங்கியது. அவ்வளவு பேர் முன்னால் உன் மச்சான் தடுமாறாமல் நின்றது பெருமையாகவும் இருந்தது.

பிறகு ஐயா வாசல் பக்கம் திரும்பி, செல்லாயியைப் பார்த்தபடி பேசினார். குரல் உயர்ந்தது. இரண்டு கையையும் தூக்கிப் பத்து விரலையும் விரித்துக் காட்டினார். நான் தட்டி இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். வக்கீல்மார் இருவரும் சட்டென்று நம் துரையைத் திரும்பிப் பார்த்தார்கள். துரையின் கழுத்து சிவந்துபோயிற்று. ஐயா நிறுத்தியதும் உன் மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிள்ளைகளைத் தினமும் குளிப்பாட்டிச் சுத்தமாக வைத்துக்கொள்வது பெற்றவர்கள் கடமை என்கிறார் என்றார். அவ்வளவுதான்.

குளிப்பாட்டுவதற்குப் பத்து விரல் எதற்கு, தம்பி? அதற்கு வக்கீல்மார் ஏன் துரையைப் பார்க்க வேண்டும்?

லாரியில் திரும்பும்போது ராக்காயி, “புள்ளயக் குளிப்பாட்டுன்னு சொல்லவா அந்த மனுசன் கப்பலேறி வந்தாரு? எங்க மாமியாளே தெனம் அதத்தானே சொல்றா!” என்றாள். எல்லாரும் சிரித்தோம். முன்னால் டிரைவர் பக்கத்தில் இருந்த உன் மச்சான் திரும்பவே இல்லை. மறுநாள் ஆபீசில் துரை அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். இத்தனை வருஷத்தில் இல்லாத புதுமை என்று மாயாண்டி எல்லாரிடமும் சொல்லித் திரிகிறார்.

புதன்கிழமை புளி வாங்கப் போனபோது ஹலீம் அண்ணன் தானாகவே பேச்செடுத்தார். “ஒரு தோட்டத்துல பத்துப் புள்ளைங்க இருந்தா பள்ளிக்கூடம் வைக்கணுமாம் தங்கச்சி, கவர்மெண்டு சட்டமாம்லா. அப்படித்தான் எங்காதுல விழுந்துச்சு. ஆனா என் இங்கிலீசு சாமான் விக்கிற இங்கிலீசு, இத வச்சி யாருகிட்டயும் சண்டைக்குப் போயிடாதீங்க” என்றார்.

அன்று சோறு போடும்போது உன் மச்சானிடம் மெதுவாகக் கேட்டேன். ஐயா சொன்னதைத்தான் சொன்னேன் என்றார். மோர் ஊற்றும்போது, நாம் இருக்கிற வீடு யார் கொடுத்தது தெரியுமா என்று கேட்டார். நான் கேட்டது பிரசங்கத்தைப் பற்றி. அவர் பதில் சொன்னது வீட்டைப் பற்றி.

ஹலீம் அண்ணன் சொன்னது ராக்காயி காதுக்கும் போய்விட்டது. நேற்று வந்து கொல்லைப் படியில் உட்கார்ந்துகொண்டாள். புரட்டாசி பிறந்தால் செல்லாயியைப் புல்வெட்டுக் கூட்டத்தில் சேர்க்கச் சொல்லி மாயாண்டி நெருக்குகிறாராம். “கிராணியம்மா, அப்படி ஒரு சட்டம் இருக்குன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நான் புள்ளய அனுப்ப மாட்டேன்னு நின்னுக்கிறேன். இல்லாத சட்டத்துக்கு நின்னா எங்களத் தோட்டத்த விட்டுத் தொரத்திடுவாங்கம்மா” என்றாள். அவளுக்கு எந்த வார்த்தையைச் சொல்வேன்? சாமி காரியம் இருக்கிறது, நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன்.

விளக்கு வைத்ததும் கற்பூரம் ஏற்றினேன். அதை அணைத்து உன் மச்சானைச் சத்தியம் செய்யச் சொல்லலாம் என்றுதான் ஏற்றினேன். அவர் வந்து கைகூப்பி நின்றார். சாமி முன்னால் பொய்ச் சத்தியம் பண்ணிவிட்டால் அது அவரைச் சும்மா விடாதே என்று பயந்து, ஒன்றும் கேட்காமல் தட்டை நீட்டினேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டார். இதற்கு மேல் உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஐயா இந்நேரம் கப்பலேறியிருப்பார். பட்டணம் வந்ததும் நேரே போய்ப் பார். பத்து விரலைக் காட்டி என்ன சொன்னார் என்று கேட்டு, அவர் வாயால் சொன்னதை அப்படியே எழுது. குளிப்பாட்டத்தான் சொன்னேன் என்று அவர் சொன்னால் அதையும் எழுது. அப்படி மட்டும் வந்தால் கல்லுமலைச் சுப்பிரமணியருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறேன்.

பதிலை அப்துல் ஹலீம் அண்ணன் கடைக்கே அனுப்பு. தோட்டத்துத் தபாலை ஆபீசில் பிரித்துக் கொடுப்பது உன் மச்சான்தான். நீ போன மாதம் போட்ட கடிதம் உறை பிரித்து ஒட்டினாற்போல் இருந்தது. மழையில் நனைந்திருக்கும் என்று அப்போது நினைத்தேன்.

முருகன் உன்னைக் காப்பாற்றட்டும். உன் மச்சானையும் காப்பாற்றட்டும். புரட்டாசி பிறப்பதற்குள் வந்து சேரும்படி சீக்கிரம் பதில் எழுது.

உன் அக்கா,
மங்களம்