ஆடி பதினெட்டில் நாலாவது தடவை

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து புத்தூர் வீட்டில் சாப்பாடு போட்டார்கள். கை கழுவிவிட்டு நான் கிளம்பும்போது உன் அக்கா ஒரு உரச் சாக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். "பரண்ல கெடந்துச்சு தம்பி. குடைத்துணி மாதிரி இருக்கு. உங்க கடையில எதுக்காவது ஆகுமான்னு பாருங்க" என்றார். சாக்கின் வாயைப் பிரித்ததுமே அந்த வாடை வந்தது. ஆற்று வண்டலும் தையல் மெஷின் எண்ணெயும் கலந்த வாடை. கடைசியாக நனைந்து எத்தனையோ வருஷம் ஆகியும் போகவில்லை. உன்னைக் குழியில் இறக்கியபோது நான் அழவில்லை. அந்தச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நடு ஹாலில் அழுதேன்.

அப்போதுதான் உன் அத்தான் வெற்றிலையை மடித்துக்கொண்டே, பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வதுபோல் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "நல்ல மனுஷன்தான், பாவம். பொழைக்கத் தெரியாதவன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை உனக்குச் சொல்லவேண்டும். ஆனால் அதற்கு முன்னால், உன்னிடம் ஒருநாளும் வாய் திறந்து சொல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நீ துபாயிலிருந்து வந்தாய். மற்றவர்கள் டேப் ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலும் கொண்டுவருவார்கள். நீ கொண்டுவந்தது ஒரு ரப்பர் மூட்டு. பலகையையும் பாய்மரத்தையும் இணைக்கிற மூட்டு. கடற்கரை ஹோட்டலில் ஏசி ரிப்பேர் பார்த்த நீ, அங்கே வெள்ளைக்காரர்கள் பலகை மேல் நின்று பாயைக் கையில் பிடித்துக்கொண்டு கடலில் பறப்பதைப் பார்த்து, வெள்ளிக்கிழமை தோறும் கெஞ்சிக் கூத்தாடிக் கற்றுக்கொண்டாயாம். என் குடைக்கடை ஸ்டூலில் உட்கார்ந்து, "வின்ட் சர்ஃபிங்னு பேரு மாப்ளே. அங்க ஒருத்தன் இதையே தொழிலா வெச்சிருக்கான். அவன் பாயில ஒரு கம்பெனி பேர் போட்டிருக்கும். கம்பெனி சோறு போடும்" என்றாய். இனி துபாய்க்குப் போகப்போவதில்லை, இங்கேயே இதைத் தொழிலாகச் செய்யப்போகிறேன் என்றும் சொன்னாய். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பாவத்துக்கு நான் தலையாட்டினேன்.

தெர்மோகோலை அடுக்கி, மேலே ஃபைபர் ஒட்டிப் பலகை செய்தாய். மூங்கிலில் பாய்மரம். கையால் பிடிக்கிற வளையத்துக்குப் பிரம்பு நாற்காலிக்காரரிடம் போய்ப் பிரம்பு வளைத்தாய். பாய் என் பொறுப்பு. நான் குடைக்காரன், குடைக்கு வைக்கிற மாதிரியே வயிறு வைத்துக் கறுப்பு நைலானில் தைத்துவிட்டேன். முதல் நாள் காற்று உன்னைப் பலகையிலிருந்து பிடுங்கிக் காவிரியில் எறிந்தது. கரையேறி வந்து, "மாப்ளே, மழைக்குத் தைக்காதே. காத்துக்குத் தை" என்றாய். பிரித்துத் தைத்தேன். அதன் பிறகு நீ சொன்னதுதான் முக்கியம்: "லேசா இருக்கணும். ஒரு பொட்டு கனம் கூடினாலும் ஏறாது."

ஏறாது என்று நீ சொன்னது ஆற்றை. ஆடிக் காற்று மேற்கிலிருந்து வரும். காவிரியும் மேற்கிலிருந்துதான் வருகிறது. கடலில் காற்றை மட்டும் சமாளித்தால் போதும். இங்கே காற்றும் தண்ணீரும் கூட்டுச் சேர்ந்துகொண்டு உன்னைப் பூம்புகாருக்கு அனுப்பப் பார்த்தன. ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூர்ப் படித்துறையில் இறங்கினால் கிழக்கே காவிரிப் பாலத்துக்குப் போக ஒரு சொடுக்குப் போடும் நேரம். திரும்பி வருவதுதான் பாடு. எதிர்க்காற்றில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக வளைந்து வளைந்து ஏறவேண்டும். முக்கால்வாசி நாள் அது முடியாமல் போகும். அப்போது பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு நடப்போம், நீ முன்னால், நான் பின்னால். மாம்பழச் சாலையில் எங்களைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் கிடையாது.

சிரிப்பாவது பரவாயில்லை. கேள்விதான் தாங்கவில்லை. காட்டூரில் உனக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா, "தம்பி என்ன பண்றீங்க?" என்றார். நீ நிமிர்ந்து உட்கார்ந்து, பாய் கட்டிய பலகையில் ஆற்றில் போகிறேன் என்று விவரமாகச் சொன்னாய். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரிங்க தம்பி. வேலை?" என்றார். காபி டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டோம். முக்கொம்பு அணைக்குச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறேன் என்று ஓர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தாய். இதை நீச்சலில் சேர்ப்பதா படகில் சேர்ப்பதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இரண்டிலும் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள்.

கடைசியில் பெரிய கடைவீதி ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் மாட்டினார். பாயில் ஆடித் தள்ளுபடி என்றும் கடைப் பெயரும் போட்டுக்கொண்டு, ஆடி பதினெட்டன்று அம்மா மண்டபத்துக்கு முன்னால் மூன்று தடவை போய்த் திரும்பி வரவேண்டும். திரும்பி வந்தால் வருஷம் முழுக்கச் சம்பளம். ஒரே ஒரு நிபந்தனை: "கறுப்புத் துணியில என் கடைப் பேரா? மஞ்சள்ல தைக்கச் சொல்லுங்க." அதே வாரம் உன் பழைய கம்பெனியிலிருந்து விசாவும் வந்தது. உன் அத்தான் டிக்கெட்டுக்கே சொல்லிவைத்துவிட்டார். வீட்டில் நீ அடித்துச் சொன்னாய்: "ஆடி பதினெட்டு வரைக்கும் பொறுங்க. முதலாளி சம்பளம் தந்தா இங்கயே இருந்துடறேன். இல்லேன்னா பேசாம பிளேன் ஏறிடறேன்." உன் வாழ்க்கை முழுவதையும் அந்த ஒரு நாளில் கொண்டுபோய் வைத்தாய்.

மஞ்சள் நைலானில் பாயைத் தைத்தேன். எழுத்து சிவப்பில் வேண்டும் என்றார் முதலாளி. பெயின்ட் அடித்தால் மடிப்பில் உதிரும், அதனால் வெட்டித் தைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். சிவப்பு நைலான் வழுக்கியது, ஊசிக்கு நிற்கவில்லை. கடையில் என் அத்தா கடையை நடத்திய காலத்துச் சிவப்புக் காடாத் துணி, முரட்டுப் பருத்தி, ஒரு சுருள் கிடந்தது. வெட்டினால் கத்தரித்த இடத்தில் அப்படியே நிற்கும். இரண்டு கரையிலும் தெரியவேண்டும் என்று பாயின் இரு பக்கமும் ஒரு முழ உயரத்துக்கு எழுத்து வைத்துத் தைத்தேன். என் கைவேலையிலேயே அழகானது அதுதான் என்று பெருமை வேறு.

அன்று அம்மா மண்டபப் படித்துறையில் எள் போட இடமில்லை. காதோலை கருகமணியும் சித்திரான்னமும் மஞ்சள் கயிறுமாகப் பெண்கள். முதலாளி என் பக்கத்தில் நின்றார். மேலூர்ப் பக்கமிருந்து மஞ்சளாக நீ வந்தாய். கயிறு கட்டிக்கொண்டிருந்தவர்கள் கழுத்தை அப்படியே நீட்டியபடி ஆற்றைப் பார்த்தார்கள். உன் முதுகு கிட்டத்தட்டத் தண்ணீரைத் தொட்டது. நான் வாய்விட்டுக் கத்தினேன். "என்னப்பா இது, 'ஆடி'ன்னு படிக்கறதுக்குள்ள போயிட்டான்!" என்றார் முதலாளி.

திரும்புகிற இடத்தில் விழுந்தாய். பாயைத் தூக்கி நிறுத்தி, அக்கரைக்குப் போனாய், இக்கரைக்கு வந்தாய். ஒவ்வொரு தடவையும் முன்பைவிடக் கீழே. பயிற்சியில் கறுப்புப் பாயோடு நீ ஏறியதை நான் இரண்டு தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்று ஏறவில்லை. பாலத்துக்குக் கீழே கரையேறினாய். பாயைச் சுருட்ட நேரமில்லை, நிமிர்த்தியபடியே ஒரு கையில் பிடித்துக்கொண்டாய். பலகையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தோம். மாம்பழச் சாலையில் பஸ் நின்றது. ஜன்னலில் இருந்த அம்மா, "எந்தக் கடைங்க? எது வரைக்கும் தள்ளுபடி?" என்று கேட்டார். நான் உற்சாகமாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். இரண்டாவது தடவையும் அதே கதை. மூன்றாவது தடவையும் அதே கதை.

மூன்றாவது நடையில் முதலாளியின் கார் வந்து நின்றது. முகமெல்லாம் சிரிப்பு. "தம்பி, ஆத்தை விடுங்க. ஜனங்க நீங்க நடக்கும்போதுதான் நின்னு படிக்கிறாங்க. நாளையிலேர்ந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து கடைவீதி வரைக்கும் தெனம் இதைத் தூக்கிட்டு நடந்துடுங்க. சம்பளம் பேசினது பேசினதுதான்."

எனக்கு உயிர் வந்தது. விசா வேண்டாம், பிளேன் வேண்டாம், நீ இங்கேயே இருப்பாய். நீ ஈரம் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, மரியாதையாகச் சொன்னாய்: "தண்ணியில போறதுக்குத்தான் நான் ஒத்துக்கிட்டேங்க. நடக்கறதுக்கு வேற ஆள் பாருங்க."

கார் போய்விட்டது. நான் நடுரோட்டில் கத்தினேன். "பொழைக்கத் தெரியாதவன்டா நீ!"

ஆமாம். உன் அத்தான் சொல்வதற்கு முன்னால் அந்த வார்த்தையைச் சொன்னவன் நான்தான்.

நீ கரைக்குப் போய் உட்கார்ந்து, என் சட்டைப் பையிலிருந்த நூல் வெட்டுகிற கத்தரியை எடுத்து எழுத்துகளைப் பிரிக்க ஆரம்பித்தாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். முதல் எழுத்து கையோடு வந்தது. நீ அதைப் பிழிந்தாய். தண்ணீர் கொட்டியது. இன்னொன்றைப் பிழிந்தாய். அதிலிருந்தும் கொட்டியது. இரு பக்கமும் சேர்த்து அத்தனை எழுத்தும் ஆற்றைக் குடித்துவிட்டுப் பாயில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நீ நிமிர்ந்து என்னைப் பார்த்து, "காடாவா மாப்ளே?" என்றாய். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீ சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உன்னைத் தோற்கடித்தது காற்றுமில்லை, காவிரியுமில்லை, என் கடைச் சுருள். மன்னித்துக்கொள் என்று சொல்ல எனக்கு எத்தனை ஆடி கிடைத்தது! சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், கேட்க நீ இல்லை.

வெயில் சாய்ந்திருந்தது. மேலூர் வரை திரும்ப நடக்கக்கூட இல்லை, பாலத்தடியிலேயே இறங்கினாய். நாலாவது தடவை. யாரும் கேட்கவில்லை, யாரும் சம்பளம் தரப்போவதில்லை. ஸ்ரீரங்கம் கரையை ஒட்டித் தண்ணீர் கொஞ்சம் மெதுவாக இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, சின்னச் சின்னதாக வளைந்து, சூரியனுக்கு நேராக ஏறினாய். நான் கரையோடு கூடவே நடந்தேன். சில இடத்தில் பத்து நிமிஷம் ஒரே மரத்துக்கு எதிரில் நின்றாய். விழவில்லை. அம்மா மண்டபத்துப் படியில் உன் பலகை வந்து இடித்தபோது கூட்டம் கலைந்திருந்தது. தட்டுக் கழுவிக்கொண்டிருந்த ஓர் அம்மா வெறும் மஞ்சள் பாயை அண்ணாந்து பார்த்து, "எந்தக் கடைங்க இது?" என்றார்.

நீ மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாய். "எந்தக் கடையும் இல்லீங்க."

ஆவணியில் பிளேன் ஏறினாய். உன் அத்தான் லட்டு வாங்கிக் கொடுத்தார். எல்லோரும் கிறிஸ்துமஸுக்கு லீவு போட்டு வந்தபோது நீ மட்டும் ஆடிக்கு வந்தாய். தண்ணீர் வந்த வருஷமெல்லாம் இறங்கினாய், முட்டி மடங்க மறுக்கும் வரை. அந்தப் பலகை உனக்குச் சோறு போடவில்லை என்பது உண்மைதான். பாலைவனத்தில் ஏசி ரிப்பேர் பார்த்து நீ அதற்குச் சோறு போட்டாய். கடைசிவரை அந்தப் பாயில் இன்னொரு எழுத்து ஏற விடவில்லை. நீ தோற்றுப்போனாய் என்று எவன் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பிழைக்கத் தெரிந்த நான் ஐம்பது வருஷமாகக் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவையாவது ஏறி நில் என்று ஒவ்வோர் ஆடிக்கும் கூப்பிட்டாய். கடையை யார் பார்ப்பது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் அத்தானுக்குச் சொன்ன பதில் இதுதான்: "அந்த வார்த்தையை முதல்ல சொன்னவன் நான்தாங்க. அன்னைக்கே அது தப்பு. இனிமே இந்த வீட்டுல யாரும் சொல்லாதீங்க." அவர், "விடுங்க தம்பி, பாயசம் சாப்டீங்களா?" என்றார். நான் விடவில்லை. காடாத் துணிக் கதையை ஹாலில் இருந்த எல்லோருக்கும் சொன்னேன். உன் அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இதை எங்ககிட்ட அவன் சொல்லவே இல்லையே" என்றார். "அதுக்கப்புறம் என்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலீங்கக்கா" என்றேன்.

நேற்று ஆடி பதினெட்டு. கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, ஒரு புது மூங்கிலில் சாக்கிலிருந்த மஞ்சள் பாயைச் செருகிக்கொண்டு அம்மா மண்டபத்துக்குப் போனேன். ஆற்றில் இறங்கும் வயதில்லை எனக்கு. மேல் படியில் நின்று நிமிர்த்தினேன். சாயம் வெளுத்திருந்தது, ஆனால் தையல் விடவில்லை. காற்று பிடித்ததும் என்னை இரண்டடி இழுத்தது. உனக்குக் கையில் எப்படி இருந்திருக்கும் என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன். வெயிலுக்கு எதிரே பார்த்தால் நான் குத்திய ஊசித் துளைகள் அப்படியே இருக்கின்றன. எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம்.

கையில் புதுக் கயிறோடு நின்ற ஒரு பெண், "எந்தக் கடை விளம்பரங்க தாத்தா?" என்று கேட்டாள்.

பாயை இறக்கவில்லை. "எந்தக் கடையும் இல்லம்மா" என்றேன்.