எட்டாம் நாள் முட்டை

2025 பிப்ரவரி 3, திங்கள்

உழவர்கரைப் பண்ணையிலிருந்து முட்டை கொண்டுவந்தேன். இருபத்து நாலு. ஸ்கூட்டரில் இரண்டு காலுக்கும் நடுவே பெட்டி. வேகத்தடை வரும்போதெல்லாம் வண்டியை நடத்திக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. பெரிய மார்க்கெட்டில் வாங்கினால் என்ன என்று சித்தி கேட்கிறாள். சேவல் முகத்தையே பார்க்காத கோழி போட்ட முட்டை அது, கரு இருக்காது என்று எத்தனை முறை சொல்வது?

அப்பா அதற்கும் மேல். நேற்று பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று, “ஆஷ்லின் கோழி டாக்டருக்குப் படிக்குது” என்று யாரிடமோ சொல்கிறார். நாலு வருடமாகச் சொல்லியும் இதுதான் மிச்சம். முட்டை ஓட்டுக்கு அடியில் ஒரு சவ்வு இருக்கிறது. குஞ்சு அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. அந்தச் சவ்வில் ரத்தக் குழாய்கள் கிளைகிளையாக ஓடும். புற்றுக் கட்டி வளர ரத்தக் குழாய் வேண்டும். ஒரு மருந்து அந்தக் குழாயைத் தடுக்குமா என்று முதலில் இந்தச் சவ்வில் வைத்துப் பார்த்துவிடலாம். எலியைக் கொல்ல வேண்டாம். அவ்வளவுதான் அப்பா. கோழிக்கு வைத்தியம் இல்லை.

பாதி வழியில் என் ஆய்வு நெறியாளர் ஆனந்தராஜ் சார் போன். “ரிப்போர்ட் எங்கம்மா?” முட்டை சுமப்பதும் நான், ரிப்போர்ட் அடிப்பதும் நான். எனக்கு இரண்டு வருடம் ஜூனியர் பாலாஜி, ஏசி அறையில் உட்கார்ந்து மருந்து தயாரிக்கிறான். சார் அவனுக்கு டீ வாங்கித் தருகிறார்.

லேபுக்கு ஒப்பந்தத்தில் புதிதாக ஓர் உதவியாளர். தையல்நாயகி அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கலாம், ஊர் வீராம்பட்டினம். முட்டைமேல் பென்சிலால் நாள் குறிக்கச் சொன்னேன். “நாளு எப்பிடி எண்ணணும் மேடம்?” என்று கேட்டார். இருந்த எரிச்சலில், “நாள் எண்ணக்கூடவா கத்துக்குடுக்கணும்?” என்றேன். பென்சிலை எடுத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் நானே சொல்லித்தர வேண்டுமென்றால் நான் எப்போது படித்து முடிப்பது?

பிப்ரவரி 6, வியாழன்

வியாழன் காலை முழுக்க இளநிலை மாணவர்களுக்குப் பிராக்டிகல். சார் எடுக்க வேண்டிய வகுப்பு, என் தலையில் கட்டியிருக்கிறார். அதனால் வியாழன் வரும் முட்டைகளை இன்குபேட்டரில் வைப்பது தையல்நாயகி அக்கா.

பண்ணையில் ஒரு தடவைக்கு இருபத்து நாலுக்கு மேல் தர மாட்டேன் என்கிறார்கள். ஆகவே இப்படிப் பிரித்துவிட்டேன்: திங்கள் முட்டையில் மருந்து இல்லாத வெறும் காகித வட்டு, வியாழன் முட்டையில் மருந்தில் நனைத்த வட்டு. இரண்டு தட்டுக்கும் எட்டாம் நாள் வட்டு வைப்பது, பத்தாம் நாள் படம் எடுத்துக் குழாய்களை எண்ணுவது. வயது ஒன்றாக இருந்தால் போதும். என் தட்டின் அட்டையில் நாள் எண்ணை நான் மாற்றுகிறேன், அவர் தட்டில் அவர்.

பிப்ரவரி 15, சனி

தடுக்கிறது!

மருந்து வைத்த முட்டைகளில் குழாய்க் கிளைகள் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொன்றாக மூன்று முறை எண்ணினேன். சாரிடம் படத்தைக் காட்டினேன். “நம்ம பாலாஜி மருந்து வேலை செய்யுதே” என்றார். நம்ம பாலாஜி. ஓட்டில் ஜன்னல் வெட்டி வெட்டிக் கட்டைவிரலில் ரத்தம் வந்தது எனக்கு.

மார்ச் 19, புதன்

ஐந்து சுற்று முடிந்தது. ஐந்திலும் ஒரே முடிவு. சார் கட்டுரையை எழுதி எங்கள் பார்வைக்கு அனுப்பியிருக்கிறார். முதல் பெயர் பாலாஜி. இரண்டாவது நான்.

நான் எடுத்த படம். நான் எண்ணிய எண்ணிக்கை. முறைகள் பகுதி முழுக்க நான் எழுதியது, ஒரு வரிகூட மாற்றவில்லை. என் எழுத்துப்பிழையும் அப்படியே இருக்கிறது, அதையாவது திருத்தினாரா?

முதல் பெயரில் ஒரு கட்டுரை இல்லாமல் என்னால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. அவருக்குத் தெரியும். தெரிந்துதான் செய்திருக்கிறார்.

மார்ச் 20

யாரிடமும் பேசவில்லை. பேசினால் கத்திவிடுவேன்.

மார்ச் 24, திங்கள்

கத்திவிட்டேன்.

சார், “ரெண்டாவது இருந்தா என்னம்மா, பேர் வருதில்ல?” என்றார். பாலாஜி நாற்காலியில் நெளிந்தான். “நான் கேக்கலக்கா, சார்தான் போட்டாரு.” கேட்கவில்லை, சரி. வேண்டாம் என்று சொன்னாயா?

மூலப் படங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன, என் பெயர் முதலில் இல்லாவிட்டால் ஒரு படம்கூட வெளியே போகாது, ஆய்வுக் குழுவுக்கும் எழுதுவேன் என்றேன். வராந்தாவில் நின்றிருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். கேட்கட்டும். நாலு வருடம் தலையாட்டி பொம்மையாக இருந்தது போதும்.

ஏப்ரல் 2, புதன்

என் பெயர் முதலில். இன்று இதழுக்கு அனுப்பியாயிற்று. சார் என் முகத்தைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தினார். எனக்கு அதுவும் பிடித்திருந்தது.

ஏப்ரல் 10, வியாழன்

என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாலை சாரத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்ததும் அப்பா நல்ல சந்தோஷத்தில் இருந்தார். பாரீசிலிருந்து தம்பி ஜெஸ்வின் ஈஸ்டர் பாஸ்காவுக்கு வருகிறான். அப்பா பிரெஞ்சுப் பள்ளியில் கிளார்க்காக இருந்தவர், நாள் கணக்கெல்லாம் இன்றும் பிரெஞ்சில்தான். “உய் ழூர்ல உன் தம்பி இங்க இருப்பான்” என்றார். எட்டு நாளில் என்று அர்த்தம்.

“பெரிய வெள்ளியன்னிக்கா வர்றான்?”

“வியாழக்கிழமைம்மா. இன்னிக்கு வியாழன், அடுத்த வியாழன்.”

“அது ஏழு நாள்பா.”

“எண்ணிப் பாரு. இன்னிக்கி ஒண்ணு. வெள்ளி ரெண்டு.” விரலை மடக்கிக்கொண்டே போனார். அடுத்த வியாழனில் எட்டாவது விரல் மடங்கியது.

வியாழனிலிருந்து வியாழன்.

மருந்து வட்டை நான் எந்தக் கிழமை வைத்தேன்? வியாழன் வைத்த முட்டைக்கு வியாழன்தான் வட்டு வைத்தேன். ஐந்து சுற்றும். அட்டையில் எட்டு என்று இருந்தது, வைத்தேன். என் தட்டில் திங்கள் வைத்த முட்டைக்குச் செவ்வாயில்தான் எட்டு வரும். ஏனென்றால் நான் வைத்த நாளைச் சுழியம் என்று எண்ணுகிறேன். பாடப் புத்தகம் அப்படித்தான் எண்ணுகிறது.

ஐயோ.

ஏப்ரல் 11, வெள்ளி

காலையில் முதல் வேலையாகப் போய்க் கேட்டேன். “அக்கா, நேத்து வெச்ச தட்டுக்கு இன்னிக்கி என்ன நாள்?”

“ரெண்டு மேடம்.”

“அப்ப நேத்து?”

“ஒண்ணு. வெச்ச அன்னிக்கி ஒண்ணுதான? செத்தவங்களுக்குப் பதினாறு அப்பிடித்தான எண்றோம்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இவ்வளவு நாள் எதையுமே கேட்காமல் உங்கள் இஷ்டத்துக்கு எண்ணினீர்களா என்று ஆரம்பித்தேன். அக்கா துடைத்துக்கொண்டிருந்த துணியை மேசையில் வைத்தார்.

“மொத நாளே கேட்டனே மேடம். நீங்கதான் கோச்சிக்கினீங்க.”

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். பிப்ரவரி 3. என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

மருந்து வைத்த முட்டை எல்லாமே ஒரு நாள் இளசு. ஒரு நாள் இளசு என்றால் குழாய் குறைவாகத்தான் இருக்கும். பாலாஜியின் மருந்து எதையும் தடுக்கவில்லை. நான் எண்ணியது வயது வித்தியாசத்தை. மருந்தையும் வெறும் வட்டையும் ஒரே நாள் முட்டையில் பாதிப் பாதியாக வைத்திருக்க வேண்டும் என்று முதலாண்டு மாணவனுக்குத் தெரியும். அவனுக்கு வியாழன்தோறும் வகுப்பெடுப்பவளுக்குத் தெரியவில்லை.

யார்மேல் கோபப்படுவது? ஆள் தேடித் தேடிப் பார்க்கிறேன். சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து நிற்கிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்து ஞாயிறு. ஓலை பிடித்துக்கொண்டு நடந்தேன். சொல்லாமல் இருந்தால் யாருக்குமே தெரியாது. இதை எழுதும்போது எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது. ஆனாலும் நடந்த தூரம் முழுக்க அதைத்தான் நினைத்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

சாரிடம் சொல்லிவிட்டேன். “வேற யாருக்குத் தெரியும்?” என்றார். அதுதான் முதல் கேள்வி.

“ஒரு நாள் அரை நாள் எல்லா பேப்பர்லயும் இருக்கும்மா.”

“இது பேப்பரே அந்த ஒரு நாள்தான் சார்.”

அதன் பிறகுதான் கோபம் வந்தது அவருக்கு. மூன்று வாரம் முன்னால் வராந்தா அதிரக் கத்தினாயே, இந்தப் பேப்பருக்காகத்தானே என்றார். நியாயமான கேள்வி. “வாபஸ் வாங்கினா நாலு வருஷத்துக்கு உனக்கு முட்டைதான், புரியுதா?” புரிகிறது. முட்டை வாங்குவது எனக்குப் புதிதா என்ன?

கடைசியில் ஒரு வழி சொன்னார். “அந்தம்மா தப்புன்னு எழுது. உதவியாளர் கவனக்குறைவு. கான்ட்ராக்ட் ஆளு, முடிச்சிடலாம். உன் பேர் கெடாது.”

எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் இந்த முறை கத்தவில்லை. அதே வாயால்தானே நானும் வெள்ளிக்கிழமை அக்காவைத் திட்டினேன்.

ஏப்ரல் 16, புதன்

இரண்டு கடிதம். இதழுக்கு ஒன்று, நிறுவன இயக்குநருக்கு ஒன்று. நாள் எப்படி எண்ணுவது என்று உதவியாளர் முதல் நாளே கேட்டார், நான் சொல்லவில்லை, தவறு என்னுடையது என்று எழுதினேன். ஆதாரம் கேட்பார்கள். பிப்ரவரி 3 பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இணைத்துவிட்டேன். பாலாஜியின் டீ பற்றிய வரியும் அதே பக்கத்தில் இருக்கிறது. அடிக்கலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. படிக்கட்டும்.

ஏப்ரல் 17, வியாழன்

ஜெஸ்வின் வந்தான். உய் ழூர், சரியாக.

விசாரணை முடியும்வரை தையல்நாயகி அக்கா வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். நான் எழுதிய பிறகும். எவ்வளவு சுலபமாக ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். என்னை யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 20, பாஸ்கா

வெள்ளி, சனி, ஞாயிறு. ஆண்டவர் மூன்றாம் நாள் உயிர்த்தார் என்றார் சாமியார். இந்த ஊரில் எல்லோரும் ஒன்றிலிருந்துதான் எண்ணுகிறார்கள், ஆண்டவர் உட்பட. எனக்கு மட்டும் அது தெரியாமல் போயிற்று.

மே 2, வெள்ளி

ஒரே நாள் முட்டை, பாதி மருந்து, பாதி வெறும் வட்டு. எது எது என்று எனக்குத் தெரியாதபடி பாலாஜி வைத்தான், நான் எண்ணினேன். வித்தியாசம் இல்லை. பாலாஜி கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். “ரெண்டு வருஷம்க்கா” என்றான். அவன்மேல் கோபம் வரவில்லை, அது எனக்கே ஆச்சரியம்.

மே 10, சனி

பெரிய மார்க்கெட் மீன் பக்கம் தையல்நாயகி அக்கா. தங்கையின் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சங்கரா செதில் சீவிக்கொண்டிருந்தார். நான்தான் போய் நின்றேன். இயக்குநருக்கு எழுதியதைச் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

“ஆபீஸ்ல சொன்னாங்க.” கத்தி நிற்கவில்லை. “அதுக்கு நான் கையெடுத்துக் கும்பிடணுமா? கேட்ட அன்னிக்கி ஒரு வார்த்த சொல்லியிருந்தா எனக்கு ஏன் இந்தப் பேச்சு? தெருவுல கேக்கறாங்க, நாள்கூட எண்ணத் தெரியாம வேலைய வுட்டுட்டு வந்துட்டியான்னு.”

மன்னிச்சிடுங்கக்கா என்றேன். மீன் வாங்க வந்த ஒருவர் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். அக்கா அவருக்கு விலை சொல்ல ஆரம்பித்தார். அந்தக் கோபம் எனக்கு நன்றாகத் தெரிந்த கோபம். வேலை செய்தவள் பெயரை அடித்துவிட்டால் வருவது. மார்ச் முழுக்க அதை வைத்துக்கொண்டுதான் நான் ஆடினேன்.

மே 19

ஆய்வை முடிக்க எனக்கு உதவித்தொகை இல்லாமல் ஆறு மாத நீட்டிப்பு. கட்டுரை வாபஸ் ஏற்கப்பட்டது. சார் குறிப்பெழுதித்தான் பேசுகிறார். இன்று வந்த குறிப்பு: “முட்டை ஆர்டர்?”

மே 27

விசாரணை முடிந்தது. அக்காவை வரச் சொல்லிக் கடிதம் போயிருக்கிறது. வருவாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

ஜூன் 9, திங்கள்

பண்ணையில் சண்டை போட்டு நாற்பத்தெட்டு முட்டை வாங்கினேன். ஒரே நாள் முட்டை. பாதிப் பெட்டியைப் பாலாஜி அவன் வண்டியில் கொண்டுவந்தான், அவனும் வேகத்தடைக்கு வேகத்தடை வண்டியை நடத்தினான். புதுச் சேர்மம், முதலிலிருந்து.

தையல்நாயகி அக்கா போன வாரமே வந்துவிட்டார். வந்தாரே தவிர என்னிடம் ஒரு பேச்சு இல்லை. இன்று தட்டுகளை அடுக்கியதும் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பாலாஜி இருந்தான், வாசலில் சார் நின்றிருந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி, அதே வார்த்தைகளில் கேட்டார்.

“நாளு எப்பிடி எண்ணணும்?”

இந்த முறை ‘மேடம்’ இல்லை.

“இன்னிக்கி சுழிக்கா. நாளைக்கி இதே நேரம்தான் ஒண்ணு.”

“சுழியா போடணும்?”

“சுழிதான். பக்கத்துல தேதியும் நேரமும்.”

முதல் முட்டையை எடுத்துச் சுழி போட்டார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “முட்ட மேல முட்ட போடச் சொல்றீங்க” என்றார். பாலாஜி சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டான். சார் வாசலிலிருந்து போய்விட்டார்.

நானும் ஒரு பென்சில் எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். அக்கா இருபத்து நாலு, நான் இருபத்து நாலு. முடித்து இன்குபேட்டர் கதவைச் சாத்தும்போது பத்தேகால். அக்கா அட்டையில் எழுதிவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“நாளைக்கித்தான ஒண்ணு?”

“நாளைக்கித்தான்க்கா.”