வரிசையில் நின்று சொல்ல முடியாத நோய்

அனுப்புநர்
ஓய்வுபெற்ற தட்டச்சு ஆசிரியை,
கான்வென்ட் பள்ளி.

பெறுநர்
மருத்துவ அலுவலர் அவர்கள்,
ஆரம்ப சுகாதார நிலையம்.

பொருள்: பதிவு மேசையில் பலர் முன்னிலையில் நோயை விசாரிப்பதால் சீட்டில் தவறான நோய் பதிவாவது – தனி அறை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் நிலையத்தில் செவிலியர் "என்ன பண்ணுது?" என்று கேட்டுச் சீட்டில் எழுதுகிறார்; மருத்துவர் அதிலிருந்தே தொடங்குகிறார். நேரம் மிச்சமாகும் நல்ல ஏற்பாடு. ஆனால் வரிசை மேசையை ஒட்டியே நிற்கிறது. மின்விசிறி இரைச்சலில் பதிலை உரக்கத்தான் சொல்ல வேண்டும்.

2. என் நாத்தனாருக்கு மாதவிலக்கு நின்று பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் இரத்தப்போக்கு. அவர் முறை வந்தபோது பின்னால் நின்றவர் அவருடைய மருமகன். "முட்டி வலிம்மா" என்று சொல்லிவிட்டார். மருத்துவர் முழங்காலை மடக்கி நீட்டிக் கவனமாகப் பார்த்து, வலி மாத்திரை கொடுத்தார்.

வெளியே வந்ததும் கடிந்துகொண்டேன். "மாப்பிள்ளை காதுல விழற மாதிரி எப்படி அண்ணி சொல்றது? நீங்கன்னா சொல்லிடுவீங்களாக்கும்!" என்றார். உள்ளேயாவது சொல்லியிருக்கலாமே என்றேன். "சீட்டுல முட்டின்னு எழுதியாச்சே. பொய் சொன்னியான்னு திட்ட மாட்டாரா?"

3. இது அவர் ஒருவருடைய கூச்சம்தானா என்று அறியும் ஆவலில், மறுநாள் காலை கூடத்தில் உட்கார்ந்து கவனித்தேன். வாலிபர், முதியவர் எல்லோருக்கும் வாயுத் தொல்லை. செவிலியரே சிரித்தார்: "இங்க எல்லாருக்கும் கேஸ்தாம்மா. அடுப்பே பத்த வைக்கலாம்." அவர் மீது எனக்குக் குறையில்லை. ஆனால் சீட்டில் எழுதியதையும் பின்னர் கண்டறிந்த நோயையும் எவரேனும் ஒப்பிட்டுப் பார்த்ததுண்டா? அறிய உண்மையிலேயே விரும்புகிறேன்.

4. அந்த மாத்திரைக்குப் பின் நாத்தனாருக்கு இரத்தப்போக்கு கூடியிருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பதைத் தாங்களே சொல்ல வேண்டும். நானே மருத்துவரிடம் சொல்கிறேன் என்றால், இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்கிறார். பெயரில்லாமல் எழுத மட்டும் சம்மதித்தார். ஆகவே இம்மனுவைப் பதிவு மேசையில் கொடுக்காமல் தங்கள் கையிலேயே தருகிறேன்.

5. மேசைக்கு அடுத்த அறையில் உடைந்த நாற்காலிகள் அடைந்து கிடக்கின்றன. அதை ஒழித்து, ஒவ்வொருவராக அழைத்து விசாரிக்க வேண்டுகிறேன். சீட்டில் என்ன எழுதியிருந்தாலும், "வேறு ஏதாவது உண்டா?" என்று மருத்துவரும் ஒருமுறை கேட்க வேண்டும்.

"கதவைச் சாத்திட்டுக் கேட்டா நானே சொல்றேன் அண்ணி" என்று நாத்தனார் ஒப்புக்கொண்டிருக்கிறார். மனம் மாறுவதற்குள் திங்கட்கிழமை காலை அழைத்து வருகிறேன். நாற்காலிகளை வெளியேற்ற ஆள் இல்லையென்றால் தெரிவியுங்கள். ஞாயிறன்று நானே வந்து தூக்குகிறேன்.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: தங்கள் அறை வாசல்

மரியாதையுடன் காத்திருக்கும்,
(ஒப்பம்)